பயமும் கவலையும் மேற்கொள்ளும்போது: விசுவாசிக்கு ஒரு ஜெப ஒழுங்கு, படிப்படியாக

பயம் பிடித்தவுடன் நம்மில் பெரும்பாலோர் "பயப்படாதே" என்று தொடங்கும் வசனங்களைத் தேடி எடுத்து விடாமல் சொல்லத் தொடங்குகிறோம். வசனம் சொல்வது நல்லதே. ஆனால் அதற்கு முன்பு செய்யவேண்டிய சில காரியங்களைத் தாண்டிவிட்டு நேரே அதற்குப் போகிறவர்களுக்குப் பயம் தணியாமல் நிற்பதோடு, "எனக்கு விசுவாசமே இல்லை போலிருக்கிறது" என்ற இரண்டாவது பயமும் வந்து சேர்ந்துகொள்கிறது. கலக்கத்தோடு சபைக்கு வருகிறவர்களோடு உட்கார்ந்து ஜெபிக்கும் ஊழியத்தில் நான் அதிகமாகக் கண்ட தடுமாற்றம் இதுதான். ஆகையால் கீழே உள்ள படிகளை வரிசை மாற்றாமல் செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்தப் படி ஏன் அந்த இடத்தில் நிற்கிறது என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

1. தொடங்குமுன் வேண்டியவை

ஒரு சாதாரண நோட்டு, பேனா, அச்சிட்ட வேதாகமம் ஆகிய மூன்றும் படுக்கைக்கு அருகில் இருக்கட்டும். கைப்பேசியில் வேதாகமம் இருக்கிறதே என்று பலர் கேட்பார்கள். நள்ளிரவில் அதைத் திறக்கிறவர் சங்கீதத்துக்குப் போய்ச் சேருமுன் வாட்ஸ்அப் செய்தியிலோ, தம் நோய்க்குறியைப் பற்றிய தேடலிலோ அகப்பட்டுக்கொள்வார்; கலங்கியிருக்கும் மனதுக்கு அந்த இரண்டுமே தீமை செய்யும்.

பகலில் 20 நிமிடங்களை ஒதுக்குங்கள். பயம் இல்லாத நேரத்தில் பழகியதுதான் பயம் உள்ள நேரத்தில் கைகொடுக்கும். இரவு 2 மணிக்கு நெஞ்சு படபடக்கையில் எதையும் புதிதாகக் கற்றுக்கொள்ள முடியாது.

ஒருமுறை மருத்துவரிடம் உடலைக் காட்டிவிடுங்கள். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, இரத்தசோகை, சில மருந்துகள், அளவுக்கு மிஞ்சிய காபி ஆகியவையும் படபடப்பையும் கை நடுக்கத்தையும் தரும். நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ முதன்முறையாக வந்தால் மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்; "இது பயம்தான்" என்று நாமே தீர்ப்புச் சொல்லக்கூடாது.

இன்னொன்றையும் மனதில் முன்கூட்டியே தீர்த்துக்கொள்ளுங்கள்: பயம் வந்ததே பாவம் என்று எண்ண வேண்டியதில்லை. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும்" தொடங்கினார் என்று மாற்கு 14:33 மறைக்காமல் எழுதுகிறது. மக்கெதோனியாவுக்கு வந்தபோது "புறம்பே போராட்டங்களும், உள்ளே பயங்களும் இருந்தன" என்று பவுல் தம்மைப் பற்றியே 2 கொரிந்தியர் 7:5-இல் எழுதுகிறார். இதை ஏற்றுக்கொள்ளாதவர் ஆண்டவருக்கு முன்பாகவும் தைரியசாலியாக நடிக்கத் தொடங்கிவிடுவார். அப்படித் தொடங்கினால் அடுத்த படிகள் ஒன்றும் பயன்படாது.

2. முதலில் உடலை அமர்த்துங்கள்

ராணி யேசபேலின் மிரட்டலுக்குப் பயந்து ஓடிய எலியா தீர்க்கதரிசி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, சாகவேண்டும் என்று கேட்டார். 1 இராஜாக்கள் 19-ஆம் அதிகாரத்தில் அதற்கு அடுத்து வருவதைக் கவனியுங்கள். தூதன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் அவருடைய தலைமாட்டில் இருந்தன. எலியா சாப்பிட்டார், மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதன் இரண்டாம் முறையும் தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னார். "எலியாவே, இங்கே உனக்கு என்ன காரியம்" என்ற கேள்வி, அவர் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. ஆகாரமும் உறக்கமும் முன்னே, கேள்வி பின்னே. இந்த வரிசையை நாமும் மாற்றக்கூடாது.

பயம் மேலிடும்போது பாதங்கள் தரையில் நன்றாகப் பதியும்படி எழுந்து உட்காருங்கள். மூக்கின் வழியாக மெதுவாக மூச்சை இழுக்கும்போது "நான் பயப்படுகிற நாளில்" என்று மனதுக்குள் சொல்லுங்கள். அதைவிட நீளமாக மூச்சை வெளியே விடும்போது "உம்மை நம்புவேன்" என்று சொல்லுங்கள். சங்கீதம் 56:3 முழுவதும் இவ்வளவுதான். இதை ஏறக்குறைய 5 நிமிடம் செய்யுங்கள். நீண்டு வெளியேறும் மூச்சு இருதயத் துடிப்பைத் தணிக்கும்படிதான் நம் உடல் உண்டாக்கப்பட்டிருக்கிறது. கடுமையான பதற்றம் பொதுவாக 10 நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கும் என்பதை அறிந்திருப்பதும் ஒரு பலம்.

இந்தப் படியில் நேரும் தவறுகள் இரண்டு. ஒன்று, வேகவேகமாக ஆழ்ந்து மூச்சிழுப்பது. அதனால் தலைசுற்றலும் விரல் நுனிகளில் மரத்துப்போன உணர்வும் வந்து, பயம் இரட்டிப்பாகும். இரண்டாவது, அந்த நிமிடமே உரத்த சத்தமாய்ப் போராடி ஜெபிப்பது. போராடி ஜெபிக்க வேறு நேரம் உண்டு. படபடப்பின் நடுவில் அது மூச்சை இன்னும் விரைவாக்கும்.

உபவாசத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல நாளாகச் சரியாக உண்ணாமலும் உறங்காமலும் இருக்கும் ஒருவரை, "மூன்று நாள் உபவாசம் எடுங்கள், பயம் ஓடிப்போகும்" என்று அனுப்புவதை நான் ஏற்பதில்லை. எலியாவுக்குக் கிடைத்த கட்டளை "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்பதே.

3. பயத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

கி.மு. 701-இல் அசீரிய ராஜாவாகிய சனகெரிப் யூதாவின் நகரங்களைப் பிடித்து எருசலேமையும் மிரட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய நிருபம் கைக்கு வந்தபோது யூதாவின் ராஜாவாகிய எசேக்கியா அதை முழுவதும் வாசித்தார். பிறகு கர்த்தருடைய ஆலயத்துக்குப் போய், கர்த்தருக்கு முன்பாக அதை விரித்தார் (2 இராஜாக்கள் 19:14). மிரட்டலின் ஒரு சொல்லையும் அவர் மென்மையாக்கவில்லை. இந்தப் படியில் நாம் செய்வதும் அதுவே. "ஒரே பயமாக இருக்கிறது" என்பதை வைத்துக்கொண்டு ஜெபிக்க முடியாது. எது, எப்போது, யாருக்கு நேர்ந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள் என்பது எழுத்தில் வரவேண்டும்.

திசுப் பரிசோதனையின் முடிவுக்காகக் காத்திருந்த ஒரு தாயாரோடு இதைச் செய்தேன். அவர் முதலில் எழுதியது: "உடம்பை நினைத்துக் கவலை." "அப்படி ஆனால் என்ன ஆகும் அக்கா?" என்று கேட்டேன். "புற்றுநோய் என்று வந்துவிடும்" என்று எழுதினார். மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டேன். சற்று நேரம் பேனாவைப் பிடித்தபடியே இருந்துவிட்டு, "என் சின்னவள் காலேஜை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டிலேயே இருந்துவிடுவாள்" என்று எழுதினார். அதுவரை அவருக்காகச் சபையில் எல்லாரும் சுகத்துக்காகவே ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். அவரை உறங்கவிடாமல் வைத்திருந்ததோ மகளின் படிப்பு.

"அப்படி ஆனால் என்ன ஆகும்?" என்ற கேள்வியை இரண்டு மூன்று முறை உங்களிடமே கேளுங்கள். இங்கே பலரும் செய்யும் தவறு, பிறர் முன்னிலையில் சொல்லத்தக்க பயத்தை மட்டும் எழுதுவது. கடன், மகனின் குடி, திருமணத்தில் விழுந்த விரிசல் போன்று சொல்ல வெட்கப்படுவது எதுவோ அதுதான் பெரும்பாலும் உள்ளே இருந்து அரிக்கிறது. அந்த நோட்டை வேறு யாரும் பார்க்கப்போவதில்லை.

4. இன்றைய பாட்டையும் நாளைய பாட்டையும் பிரியுங்கள்

எழுதிய வாக்கியத்தின் கீழே, பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இன்றைக்கு உங்கள் கையால் செய்யக்கூடியது இடப்பக்கம். உங்கள் கையில் இல்லாதது வலப்பக்கம். "அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்" (மத்தேயு 6:34) என்று ஆண்டவர் சொல்லும்போது இன்றைய நாளுக்கும் ஒரு பாடு உண்டு என்பதை மறுக்கவில்லை. அந்தத் தாயாரின் இடப்பக்கத்தில் இரண்டு வரிகள் இருந்தன: மருத்துவரிடம் கேட்கவேண்டிய கேள்விகளை எழுதிவைப்பது, மகளிடம் உட்கார்ந்து பேசுவது. பரிசோதனையின் முடிவு வலப்பக்கத்துக்குப் போனது.

விசுவாசம் என்ற பெயரில் எல்லாவற்றையும் வலப்பக்கத்தில் எழுதிவிடுகிறவர்கள் உண்டு. எருசலேமின் அலங்கத்தைக் கட்டின நாட்களில் எதிரிகள் சூழ்ந்தபோது நெகேமியாவும் ஜனங்களும் ஜெபம்பண்ணினார்கள்; இரவும் பகலும் ஜாமக்காரரையும் வைத்தார்கள் (நெகேமியா 4:9). இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன.

5. சங்கீதம் 13 காட்டும் வழியில் முறையிடுங்கள்

இந்த ஒழுங்கின் இருதயம் இந்தப் படிதான். மற்றவற்றுக்குக் கொடுப்பதைவிட இதற்கு அதிக நேரம் கொடுங்கள். சங்கீதம் 13-இல் 6 வசனங்களே உண்டு. முதல் இரண்டு வசனங்கள் முறையீடு, அடுத்த இரண்டு விண்ணப்பம், கடைசி இரண்டு நம்பிக்கை. அந்த மூன்று பகுதிகளையும் உங்கள் சொந்தச் சொற்களில், எழுத்தில் நிரப்புங்கள்.

முறையீடு. தாவீது முதல் இரண்டு வசனங்களுக்குள் நான்கு முறை "எதுவரைக்கும்" என்று கேட்கிறார். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றே தொடங்குகிறார். ஆண்டவரிடம் இப்படிப் பேசலாமா என்று தயங்குகிறவர்களுக்கு, இந்தச் சொற்களை ஜெபமாக நமக்குக் கொடுத்திருப்பது வேதாகமமே என்பதை நினைவூட்டுகிறேன். முறையீடு வெறும் புலம்பலாகச் சுற்றிச் சுற்றி வராமல் இருக்க ஒரு சோதனை உண்டு: எழுதிய வரிகளில் "நீர்" அல்லது "உம்மை" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இன்னும் ஜெபிக்கத் தொடங்கவில்லை. உங்களோடு நீங்களே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். ஐந்தாறு வரிகள் போதும்.

விண்ணப்பம். "நீர் நோக்கிப்பார்த்து, எனக்குச் செவிகொடுத்தருளும்" என்று தொடங்கி, தமக்கு என்ன வேண்டும் என்பதைத் தாவீது நேராகக் கேட்கிறார். மூன்றாம் படியில் எழுதிய வாக்கியம் இங்கே பயன்படும். "எல்லாம் நல்லபடியாக நடக்கட்டும்" என்று பொதுவாகக் கேட்கிறவருக்கு, கேட்டது கிடைத்ததா என்பதே பின்னால் தெரியாமல் போகும்.

பக்தியுள்ளவர்கள் இந்த இடத்தில் ஒரு தவறு செய்கிறார்கள். ஆசையைச் சொல்லாமலேயே "உம்முடைய சித்தம்" என்று முடித்துவிடுகிறார்கள். இயேசு முதலில் "இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும்" என்று கேட்டார். அதன் பிறகே பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார் (மத்தேயு 26:39). கேட்காமல் ஒப்புக்கொடுத்தால், எதை ஒப்புக்கொடுத்தோம் என்பது நமக்கே தெளிவாயிராது. மேலும் அவர் மூன்றாந்தரமும் அந்த வார்த்தைகளையே சொல்லி ஜெபித்தார் (26:44). நேற்று ஜெபித்ததையே இன்றும் ஜெபிக்க வேண்டியிருந்தால் அது தோல்வி என்று எண்ணாதீர்கள்.

நம்பிக்கை. "கர்த்தர் எனக்கு நன்மை செய்தபடியால் அவரைப் பாடுவேன்" என்று சங்கீதம் முடிகிறது. இங்கே உணர்ச்சியைத் தேடவேண்டாம். நடந்த ஒன்றைத் தேடுங்கள். உங்கள் வாழ்க்கையில் ஆண்டவர் நன்மை செய்த ஒரு நாளை, இடத்தோடும் சூழ்நிலையோடும் எழுதுங்கள்.

அந்தத் தாயார் எழுதியதில் ஒரு பகுதியை அவருடைய அனுமதியோடு தருகிறேன்: "ஆண்டவரே, எத்தனை நாள் என்னை இப்படிக் காத்திருக்க வைப்பீர்? ராத்திரி முழுக்க நீர் பேசாமல் இருக்கிறீர். முடிவு நல்லபடி வரவேண்டும், அதுதான் என் ஆசை. எப்படி வந்தாலும் என் மகள் படிப்பு நிற்கக்கூடாது, அதற்கு ஒரு வழி காட்டும். அவள் அப்பா இறந்த வருஷம் ஸ்கூல் பீஸ் கட்டப் பணம் இல்லாமல் நின்றேன். கேட்காத இடத்திலிருந்து உதவி அனுப்பினீர். அதை நான் மறக்கவில்லை."

பிலிப்பியர் 4:6-இல் பவுல் "ஸ்தோத்திரத்தோடே கூடிய" ஜெபம் என்று சொல்வதும் இதையே. நோய்க்காக ஸ்தோத்திரம் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதீர்கள்; நோயின் நடுவிலும் கையில் இருக்கும் நன்மைக்காகச் சொல்லுங்கள். சிறைக்கட்டுகளில் இருந்தபடி அந்த நிருபத்தை எழுதிய பவுல், அடுத்த வசனத்தில் வாக்களிப்பது, எல்லாப் புத்திக்கும் மேலான தேவசமாதானம் நம் இருதயங்களையும் சிந்தைகளையும் காத்துக்கொள்ளும் என்பதே. சிறைக்கதவு உடனே திறக்கும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. சூழ்நிலை மாறவில்லை என்பதால் ஜெபம் கேட்கப்படவில்லை என்று முடிவுகட்டுகிறவர்கள் இந்த வசனத்தை நிதானமாக வாசிக்கவேண்டும்.

6. ஒரு வாரத்துக்கு ஒரு வசனம்

இப்போதுதான் வாக்குத்தத்த வசனத்துக்கு வருகிறோம். பயத்தைச் சொல்லி முடித்த மனதில்தான் வாக்குத்தத்தம் தங்கும். நாளுக்குப் பத்து வசனங்களை அனுப்பிக்கொள்வதைவிட, ஒரு வாரம் முழுவதும் ஒரே வசனத்தோடு இருப்பது மேல். சங்கீதம் 94:19, ஏசாயா 41:10, 1 பேதுரு 5:7 ஆகியவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது இருக்கும் அதிகாரம் முழுவதையும் ஒருமுறையாவது வாசியுங்கள்.

ஏன் அதிகாரம் முழுவதும்? புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் அடிக்கடி அச்சாகும் எரேமியா 29:11-ஐப் பாருங்கள். நமக்குச் சமாதானத்துக்கேதுவான நினைவுகளை ஆண்டவர் வைத்திருக்கிறார் என்ற அந்த வார்த்தை, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதிய நிருபத்தில் வருகிறது. அதற்கு முந்தின வசனம் 70 வருஷம் நிறைவேறவேண்டும் என்கிறது. 5-ஆம் வசனம் அங்கேயே வீடு கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்கிறது. இந்த வருஷமே எல்லாம் மாறிவிடும் என்று அட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பவர் டிசம்பரில் உடைந்துபோவார். முழு நிருபத்தையும் வாசித்தவருக்கு, நீண்ட காத்திருப்பின் நடுவிலும் ஆண்டவர் தம்மை மறக்கவில்லை என்ற நிலையான ஆறுதல் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. வசனத்தை இத்தனை முறை சொல்லியே ஆகவேண்டும், ஒரு சொல் தவறினாலும் ஏதோ கெடுதல் நடந்துவிடும் என்ற கட்டாயம் உங்களுக்குள் எழுந்தால், அதை மனநல மருத்துவரிடம் சொல்லுங்கள். அது பக்தியின் குறைவும் அல்ல, மிகுதியும் அல்ல. சிகிச்சையால் தணியக்கூடிய ஒரு நோய்நிலையாக இருக்கலாம்.

7. பயம் தடுத்துவைத்த ஒரு சிறு செயலைச் செய்யுங்கள்

பயந்து விலகும் ஒவ்வொரு முறையும் பயம் பலக்கிறது. விலகியதால்தான் தப்பித்தோம் என்று மனம் கற்றுக்கொள்கிறது. பேருந்தில் ஒருமுறை மயக்கம் வந்த பிறகு பேருந்தே ஏறாதவர், ஜெபித்துவிட்டுத் தமக்கு நம்பிக்கையான ஒருவரோடு ஒரே ஒரு நிறுத்தம் வரை போகட்டும். அது எளிதாகும் வரை அதையே திரும்பச் செய்து, பிறகு இரண்டு நிறுத்தம் போகட்டும்.

பயம் முழுவதும் நீங்கின பிறகு போகிறேன் என்று காத்திருப்பதே இங்கே நேரும் தவறு. இஸ்ரவேலர் யோர்தான் நதியைக் கடக்க வந்தபோது, தண்ணீரின் ஓரத்தில் ஆசாரியரின் கால்கள் பட்டபோதுதான் மேலிருந்து வந்த தண்ணீர் நின்றது (யோசுவா 3:15, 16).

8. ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்

வியாகுலப்பட்ட இயேசு மூன்று சீஷரைக் கூட அழைத்துக்கொண்டு போனார். தம் ஆத்துமா படும் துக்கத்தை அவர்களிடம் சொன்னார். உள்ளே பயங்கள் இருந்தன என்று எழுதிய பவுல், அடுத்த வசனத்திலேயே, தேவன் தீத்து வந்ததினாலே தங்களுக்கு ஆறுதல் செய்தார் என்கிறார். ஆறுதல் ஒரு மனிதரின் வருகையாகவே வந்தது.

ரகசியம் காக்கிற, உடனே போதிக்கத் தொடங்காத ஒருவரைத் தெரிந்துகொள்ளுங்கள். அது போதகராகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. "எனக்குப் புத்தி சொல்ல வேண்டாம், பத்து நிமிடம் கேட்டுவிட்டு ஜெபியுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கேட்கிறவருக்கும் அது உதவி. சபையின் வாட்ஸ்அப் குழுவில் ஜெபக்குறிப்பாகப் போடுவதை இந்தப் படிக்குப் பதிலாகக் கொள்ளாதீர்கள். அங்கே நூறு பேர் ஆமென் போடுவார்கள்; ஒருவரும் உங்கள் முகத்தைப் பார்த்திருக்கமாட்டார்கள்.

கேட்கிற இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: "எதாவது பாவம் இருக்கிறதா பாருங்கள்" என்று தொடங்காதீர்கள். யோபுவின் சிநேகிதர் ஏழு நாள் மௌனமாக அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தவரைக்கும் நல்ல சிநேகிதராகவே இருந்தார்கள்.

9. மருத்துவரிடம் போகவேண்டிய அடையாளங்கள்

பெரும்பாலான நாட்களில் கவலை விடாமல் மாதக்கணக்கில் தொடர்வது, உறக்கமும் வேலையும் கெடுவது, பதற்றத் தாக்குதல் திரும்பத் திரும்ப வருவது, பயத்தை மறக்க மது அருந்தத் தொடங்குவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மனநல மருத்துவரைப் பாருங்கள். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, அந்த மணிநேரத்திலேயே ஒருவரிடம் சொல்லுங்கள். இந்தியாவில் டெலி மானஸ் உதவி எண் 14416. அரசு நடத்தும் இலவச சேவை, 24 மணிநேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். இலங்கையில் தேசிய மனநல நிறுவகத்தின் எண் 1926.

மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று சொல்கிறவர்களுக்கு வேதாகமத்திலேயே பதில் உண்டு. பவுலின் உடன்பயணியான லூக்கா ஒரு வைத்தியர் (கொலோசெயர் 4:14). தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் எடுத்துக்கொள்ளச் சொன்னார் (1 தீமோத்தேயு 5:23). ஐடா ஸ்கடர் அம்மையார் தொடங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், ஜெபத்தோடு கூடவே மனநல சிகிச்சையும் பல தலைமுறைகளாக நடந்துவருகிறது.

பதற்றத்துக்குக் கொடுக்கப்படும் பல மாத்திரைகளின் பலன் தெரிய சில வாரங்கள் ஆகும்; இரண்டு நாளில் பயனில்லை என்று விட்டுவிடாதீர்கள். சுகமளிக்கும் கூட்டம் ஒன்றுக்குப் போய்வந்த இரவே மாத்திரையை நிறுத்தி, ஒரு வாரத்துக்குள் முன்னிலும் மோசமான நிலைக்கு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சுகம் கிடைத்தது என்று நம்பினால் அதை மருத்துவரிடமே போய்ச் சொல்லுங்கள். அளவைப் படிப்படியாகக் குறைப்பதை அவர் செய்வார்.

10. வாரம் ஒருமுறை நோட்டைத் திரும்பப் பாருங்கள்

சனிக்கிழமை மாலையில் அந்த வாரத்துப் பக்கங்களை வாசியுங்கள். நடந்தேறிய பயம் எது, நடக்காமல் போனது எது, பதில் கிடைத்த விண்ணப்பம் எது என்று பக்கத்திலேயே குறியுங்கள். முன்னேற்றத்தைப் பயம் வந்ததா வரவில்லையா என்று அளக்கவேண்டாம். வந்த பயம் எவ்வளவு நேரம் நின்றது, அதற்குள் நீங்கள் எழுந்து உட்கார்ந்தீர்களா, மறுநாள் உங்கள் வேலைக்குத் திரும்பினீர்களா என்பவற்றைப் பாருங்கள். அவற்றில்தான் மாற்றம் முதலில் தெரியும்.

ஒன்றும் மாறாத வாரங்களும் வரும். ஐந்தாம் படியின் மூன்றாம் பகுதியில் எழுத ஒரு வரியும் கிடைக்காத நாட்களில் சங்கீதம் 88-ஐ வாசியுங்கள். சங்கீதம் 13-ஐப் போல அது நம்பிக்கையின் வார்த்தைக்குத் திரும்பி வருவதில்லை. சிநேகிதரும் அறிமுகமானவரும் விலகிப்போனதைச் சொல்லியே முடிந்துவிடுகிறது. ஆனாலும் அது "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று கூப்பிட்டுத்தான் தொடங்குகிறது. அப்படிப்பட்ட நாளில் அந்தக் கூப்பிடுதலை மட்டும் தேதியோடு நோட்டில் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளலாம். இதே நிலை அடுத்த வாரமும் தொடர்ந்தால், எட்டாம் படியில் சொன்னவரைக் கூட அழைத்துக்கொண்டு ஒன்பதாம் படிக்குப் போங்கள், தனியாகப் போகவேண்டாம்.